சமய நம்பிக்கை இல்லாதவருக்குத் தியான முகாம் உதவுமா?

பொங்கோல்வாசி | செவ்வாய், இரவு 11.20

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதைப் பற்றி வாதிடுவது இந்த இழையின் நோக்கமன்று. வேலை அழுத்தத்தால் நிலைகுலைந்துகொண்டிருக்கும் ஒருவர், சமயப் பிடிப்பு சிறிதும் இல்லாதபோது, பல நாள் தங்கிச் செய்யும் தியான முகாமுக்குப் போனால் பயன் உண்டா என்பதை அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு நிதி நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்கிறேன். லண்டனிலும் சென்னையிலும் குழுக்கள் இருப்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் கூட்டங்கள் நடக்கின்றன. விடியற்காலை மூன்றரை மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. கைப்பேசியைத் தொடக்கூடாது என்று அதை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் படுத்தாலும், எழுந்து போய் இருட்டில் தடவி எடுத்துவிடுகிறேன். இரத்த அழுத்தம் எல்லையில் நிற்பதாகவும், மூன்று மாதம் பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி முடிவு செய்யலாம் என்றும் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

பத்து நாள் முகாம் ஒன்றுக்குப் போய்வரும்படி மனைவி சொல்கிறார். மந்திரம், வணக்கம், குருவின் படம் என்று எதுவாவது இருந்தால், நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடிப்பதே எனக்குப் புதிய அழுத்தமாகிவிடும். அதோடு எட்டு வேலை நாள் விடுப்பு வேண்டும். அவ்வளவையும் செலவழித்துவிட்டுத் திரும்பி வந்த மறுவாரமே பழைய நிலைக்குப் போய்விட்டால் என்ன பயன்?

பழைய மாணவி | புதன், காலை 7.05

எட்டு வேலை நாள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது கோயங்கா என்ற ஆசிரியரின் வழியில் நடத்தப்படும் விபாசனா என்ற பௌத்தத் தியான வகுப்பாகத்தான் இருக்க வேண்டும். புதன் மாலை உள்ளே போனால் அடுத்த வார ஞாயிறு காலையில்தான் வெளியே வருவீர்கள். மலேசியாவில் பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் ஒரு நிலையம் இருக்கிறது; சென்னைக்குப் போகிறவர்களுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. வகுப்பை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

சமயச் சாயல் எவ்வளவு என்றால், அவர்கள் சொல்லிக்கொள்வதைவிடச் சற்றுக் கூடுதல், நீங்கள் அஞ்சுவதைவிட மிகக் குறைவு என்பேன். தெய்வப் படமோ பூசையோ இல்லை. ஆனால் முதல் நாள் மாலை புத்தர், தம்மம், சங்கம் மூன்றிடமும் அடைக்கலம் புகும் பாலி மொழி வரிகளைத் திரும்பச் சொல்ல வேண்டும். பொய் சொல்லாமை, கொல்லாமை முதலிய ஐந்து நெறிகளை வகுப்பு முடியும்வரை கடைப்பிடிக்க உறுதி தர வேண்டும். கோயங்காவின் குரலில் பதிவு செய்யப்பட்ட பாலி ஓதல் காலையிலும் அமர்வுகளின் இறுதியிலும் ஒலிக்கும். மாலை உரைகளில் வினைப்பயனும் மறுபிறவியும் வந்து போகும். அவற்றை ஏற்காவிட்டாலும் பயிற்சியைச் செய்யலாம் என்று உரையிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

கோயங்காவே ஞானம் தேடிப் போனவர் அல்லர். பர்மாவில் வணிகராக இருந்தவர், தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல், தியானம் கற்பித்துவந்த ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின்னும் துறவி அல்லர். அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் பதவியில் இருந்த அரசு அதிகாரி. இந்துக் குடும்பத்தில் பிறந்த தம்மைப் பௌத்தராக மாற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தோடுதான் போனதாகக் கோயங்கா தம் உரைகளில் சொல்கிறார். ஆக, உங்கள் தயக்கம் அந்த மரபுக்குப் புதிதன்று.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கும்வரை, இடைவெளிகளோடு பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். பகலுணவு பதினொரு மணிக்கு. மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் தேநீரும் மட்டும். பேச்சு, கைப்பேசி, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. முதல் மூன்று நாளும் மூக்குத் துளைகளுக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட சிறிய இடத்தில் மூச்சு வந்து படுவதை மட்டுமே கவனிக்கச் சொல்வார்கள். நான்காம் நாளிலிருந்து அந்தக் கவனத்தை உச்சந்தலை முதல் கால்விரல் வரை நகர்த்த வேண்டும். நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையோ காலையோ அசைக்காமல் உட்கார வேண்டும். எனக்கு இடது முழங்காலில் தொடங்கிய வலி இருபதாவது நிமிடத்தில் தொடைவரை ஏறிவிடும். கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்ற துடிப்பு வலியைவிடப் பெரிதாக இருந்தது. அந்தத் துடிப்பு எழுவதையும், நான் அதற்குப் பணியாவிட்டால் அது தானே அடங்குவதையும் கண்ணெதிரே பார்த்தது மட்டுமே நான் அங்கிருந்து கொண்டுவந்தது. அலுவலகத்தில் காரமான மின்னஞ்சல் வரும்போது அதுவே உதவுகிறது. அதற்கு நான் எந்தக் கடவுளையும் நம்ப வேண்டியிருக்கவில்லை.

கணக்குப்புள்ளி | புதன், பிற்பகல் 1.15

தனிப்பட்ட அனுபவங்களை மறுக்கவில்லை. ஆனால் முகாமுக்குப் போய்வந்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது ஒன்று. தியானத்தால் நன்றாக இருக்கிறார்கள் என்பது வேறொன்று. முகாமில் வேலை இல்லை, கைப்பேசி இல்லை, மது இல்லை, சமைத்துப் போடுகிறார்கள், ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுகிறோம். இவற்றில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க முயன்ற ஆய்வுகள் சில உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவின் உல்லாச விடுதி ஒன்றுக்குப் பெண்களை ஆறு நாள் அழைத்துப் போனார்கள். தியானப் பழக்கம் இல்லாதவர்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை அதே விடுதியில் வெறும் விடுமுறையைக் கழிக்கச் செய்தார்கள். மற்றவர்களுக்குத் தியானம் கற்பித்தார்கள். ஒப்பிடுவதற்கு, ஏற்கெனவே தியானம் செய்துவந்தவர்களும் உடனிருந்தார்கள். முகாம் முடிந்தபோதும் ஒரு மாதம் கழித்தும் எல்லாருமே தெளிவடைந்திருந்தார்கள். விடுமுறையில் இருந்தவர்கள் பின்தங்கவில்லை. பத்து மாதம் கழித்துக் கேட்டபோதுதான், புதிதாகத் தியானம் கற்றவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தே இருந்தன என்ற வேறுபாடு வெளிப்பட்டது.

அதே ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெஸ்வெல் குழுவினர், வேலை தேடிக்கொண்டிருந்த 35 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மூன்று நாள் தியான முகாமும் மற்றவர்களுக்கு மூன்று நாள் தளர்வுப் பயிற்சி முகாமும் நடத்தினார்கள். நான்கு மாதம் கழித்து, உடலின் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருளின் அளவு தியானக் குழுவினருக்குக் குறைந்திருந்தது. சுவையான முடிவுதான். ஆனால் வெறும் 35 பேர். நான் அதன்மேல் வீடு கட்ட மாட்டேன்.

பெரிய படத்துக்கு 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த தொகுப்பாய்வைப் பார்க்க வேண்டும். 47 ஆய்வுகள், ஏறத்தாழ 3,500 பேர். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானத்தால் சிறிய முதல் மிதமான அளவுவரை முன்னேற்றம் ஏற்படுவதற்கு நடுத்தர வலுவுள்ள சான்று கிடைத்தது. மன அழுத்தத்துக்குக் கிடைத்த சான்றோ அதைவிட வலுக்குறைந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்றே கிடைக்கவில்லை. அழுத்தம் போக்கும் என்று முகாம்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அந்த ஒரு சொல்லில்தான் சான்று மெலிந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பொங்கோல்வாசி | புதன், பிற்பகல் 1.40

அப்படியானால் பிந்தான் தீவில் ஒரு நல்ல விடுதியில் குடும்பத்தோடு நான்கு நாள் இருந்துவிட்டு வந்தால் போதும் என்கிறீர்களா? மனைவியிடம் சொல்ல எனக்கும் எளிதாக இருக்கும்.

கணக்குப்புள்ளி | புதன், பிற்பகல் 1.52

ஒரு மாதத்துக்குப் போதும். பத்தாவது மாதத்தில் எப்படி இருக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய மாணவி | புதன், மாலை 6.30

பிந்தான் விடுதிகளில் இணைய வசதி நன்றாக இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். நீச்சல் குளத்தின் ஓரத்தில் சாய்ந்துகொண்டு மடிக்கணினியைத் திறக்காத ஒரு திட்ட மேலாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. முகாமில் கைப்பேசியை உறையில் போட்டு ஒப்படைத்துவிடுகிறோம். விடுமுறையையும் முகாமையும் சமமாக வைத்து ஒப்பிடும்போது இந்த ஒரு வேறுபாட்டையாவது கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரவுப்பணித் தாதி | வியாழன், காலை 9.10

பணி முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் ஒருவரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீண்ட மௌன முகாம் எல்லாருக்கும் தீங்கற்றது அன்று.

பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லோபி பிரிட்டன், ஜேரட் லிண்டால் ஆகியோரின் குழு, தியானத்தின்போது கடுமையான சிக்கல்களைச் சந்தித்த சுமார் 60 பேரை விரிவாக நேர்கண்டு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அச்சம், தூக்கமின்மை, ஒலியும் ஒளியும் தாங்க முடியாமல் போதல், தான் என்ற உணர்வு கலைந்துபோதல், பழைய அதிர்ச்சிகள் திரும்ப வருதல் எனப் பலவற்றை அவர்கள் விவரித்தார்கள். இது எத்தனை விழுக்காட்டினருக்கு நேர்கிறது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; சொல்ல அது வடிவமைக்கப்படவும் இல்லை. ஆனால் இப்படி நேர்வதுண்டு என்பது தெரிந்தால்தான், அது வரும்போது “நான்தான் சரியாகச் செய்யவில்லை போலும்” என்று எண்ணி ஒருவர் மேலும் கடுமையாக உட்காராமல் இருப்பார்.

இருமுனையப் பிறழ்வு (பைபோலார்), மாயத்தோற்றங்கள், அண்மைய மரணத் துயரம், சிறுவயதுக் கொடுமை ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர் பத்து நாள் மௌனத்துக்குள் தனியாக நுழைவதற்கு முன்பு மருத்துவரிடம் பேசியாக வேண்டும். அந்த வகுப்பின் விண்ணப்பப் படிவத்திலும் மனநல வரலாற்றைக் கேட்கிறார்கள். இடம் கிடைக்காமல் போய்விடும் என்று மறைத்து எழுதுகிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மருந்து சாப்பிடுபவர்கள் முகாமுக்காக அதை நிறுத்தவே கூடாது.

பொங்கோல்வாசி ஐயா, உங்கள் பதிவில் எனக்குக் கவலையளிப்பது மூன்றரை மணி விழிப்பு. விடியற்காலையில் விழித்து மீண்டும் தூங்க முடியாமல் போவது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்படித்தான் என்று சொல்லவில்லை. முகாமுக்குப் பதிவு செய்வதற்கு முன்பு பலதுறை மருந்தகத்தில் இதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்மவர்கள், குறிப்பாக ஆண்கள், இரத்த அழுத்த எண்ணைச் சொல்வார்கள். தூக்கத்தைப் பற்றி மருத்துவர் கேட்டால் “பரவாயில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் தேசிய மனநல உதவி எண் 1771 இருக்கிறது; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எவருக்காவது வந்தால் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சீர்திருத்தப் பேரன் | வியாழன், இரவு 8.45

நம்பிக்கையில்லாதவர் என்ற பகுதிக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 20 விழுக்காட்டினர் தமக்குச் சமயம் இல்லை என்கிறார்கள். பத்தாண்டுக்கு முன்பு அது 17 விழுக்காடாக இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் மிகக் குறைவு என்பதால், தமிழராகவும் நம்பிக்கையற்றவராகவும் இருப்பவர் தாம் தனித்துவிட்டதாக உணர்வது இயல்பு. ஆனால் இந்த ஊரில் அது நேற்று முளைத்ததன்று. பெரியார் 1929இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற பிறகு 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அதன் முன்னணியில் நின்றவர். என் தாத்தா அந்தச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். அவர் இருந்திருந்தால், கண்ணை மூடி உட்காருவதற்கு ஒரு முகாமா என்று கேட்டிருப்பார். அவரோடு நான் உடன்பட்டிருக்க மாட்டேன்.

மூச்சைக் கவனிப்பது எந்தச் சமயத்தின் சொத்தும் அன்று. ஹார்வர்டின் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில், மந்திரம் செபிப்பவர்களின் உடலில் ஏற்படும் தளர்வை அளந்துவிட்டு, மந்திரத்துக்குப் பதிலாக “ஒன்று” என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் இதயத் துடிப்பும் மூச்சும் தணிகின்றன என்று காட்டினார். ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், பௌத்தப் பயிற்சிகளின் சடங்குகளைக் களைந்து, நாள்பட்ட வலியால் அவதிப்பட்ட நோயாளிகளுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார். நம்மூர்ப் பக்கம் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையைக் கற்றவர்களில், கோயிலுக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் 1996இல் ஜென் தியான நிலையம் ஒன்றைத் தொடங்கியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். ஒரு கத்தோலிக்கக் குரு தம் நம்பிக்கையை விட்டுவிடாமல் ஜென் கற்பிக்க முடிகிறதென்றால், நம்பிக்கையே இல்லாத ஒருவர் அங்கே போய் உட்காருவதில் என்ன முரண்பாடு இருக்கப் போகிறது?

எனக்குக் கடவுளைவிடக் கடைவிரிப்பவர்களிடம்தான் அச்சம் அதிகம். பாத்தாம் தீவில் நடந்த ஒரு வார இறுதி முகாமுக்கு நண்பர்களோடு போயிருந்தேன். சமயச் சார்பற்றது என்றுதான் அழைத்தார்கள். சமயமும் அங்கே இல்லைதான். ஞாயிறு பிற்பகல் எல்லாரும் மனம் இளகிக் கண் கலங்கியிருந்த நேரத்தில், அடுத்த நிலைப் பயிற்சிக்கான படிவத்தையும் கடனட்டைக் கருவியையும் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அங்கேயே ஈராயிரம் வெள்ளிக்கு மேல் கட்டினார். கட்டணம் வாங்குவது குற்றமில்லை. முடிவெடுக்கும் திறன் தளர்ந்திருக்கும் வேளை பார்த்து வாங்குவது எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆகவே, வழிபாடு உண்டா என்று கேட்பதற்கு முன்பு, இதற்கு அடுத்து எதை வாங்கச் சொல்வீர்கள் என்று கேளுங்கள்.

பாதுகாவல் மேற்பார்வை | வெள்ளி, காலை 6.20

படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் பன்னிரண்டு மணி நேர மாற்று வேலை செய்பவன். வேலை நியமனச் சட்டப்படி முதல் ஆண்டில் ஏழு நாள் விடுப்பு. ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிப் பதினான்கில் நின்றுவிடும். எட்டு வேலை நாளை ஒரே மூச்சில் எடுத்தால் பிள்ளையின் பள்ளி விடுமுறைக்கும் அம்மாவின் மருத்துவமனை நாளுக்கும் எதை எடுப்பது? தியான முகாம் இலவசமாகவே இருந்தாலும் நேரம் இலவசமில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். இரவு பதினொன்று மணிக்கு லண்டன்காரர்கள் அழைப்பதுதான் நோய் என்றால், மூச்சைக் கவனிப்பது அதற்கு எப்படி மருந்தாகும்? 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்டு ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பித்தால் முதலாளி அதை முறையாகப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் இருக்கின்றன. என் வேலையில் கேட்கப் பெரிதாக ஒன்றுமில்லை; வாயிற்கதவை வீட்டிலிருந்து காவல் காக்க முடியாது. உங்கள் வேலையில் கேட்க முடியும். கேட்டுப் பார்த்தீர்களா?

கணக்குப்புள்ளி | வெள்ளி, காலை 8.00

இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். ஊழியரைத் தியானத்துக்கு அனுப்பிவிட்டு வேலைப் பளுவைத் தொடாமல் விடும் நிறுவனங்களுக்கு, அழுத்தம் என்பது ஊழியரின் மண்டைக்குள் இருக்கும் கோளாறு என்று ஆகிவிட்டால் வசதிதான்.

நெறியாளர் | வெள்ளி, காலை 10.30

கட்டணப் பயிற்சி ஒன்றின் பதிவு இணைப்போடு வந்த இரு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதம் தொடரலாம்.

எட்டு வாரம் | வெள்ளி, இரவு 10.05

மேலே ஒருவர் குறிப்பிட்ட கபாட்-சின் வழிப் பயிற்சியைச் சிங்கப்பூரிலேயே முடித்தவள் நான். வேலை முடிந்தபின் வாரம் ஒரு மாலை, இரண்டரை மணி நேரம், எட்டு வாரம். இடையில் ஒரே ஒரு முழு நாள் மட்டும் மௌன முகாம். அதுவும் ஒரு சனிக்கிழமையில் வந்ததால் விடுப்பே தேவைப்படவில்லை. இங்கே தொண்டூழிய அமைப்புகளும் சில மருத்துவமனைகளும் இதையோ இதன் சுருக்கமான வடிவங்களையோ நடத்துகின்றன.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்தார்கள். அதை விரல்களுக்கிடையே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துச் சுருக்கங்களைப் பார்த்து, காதருகே வைத்து அமுக்கி, முகர்ந்து, பிறகுதான் நாக்கில் வைக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. எனக்கு எதிரே ஒரு சீனப் பெரியவர் மிகுந்த அக்கறையோடு அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் கடித்தபோது ஊறிய புளிப்பும் இனிப்பும், அன்று மதியம் கணினியின் முன் சாப்பிட்ட முழுச் சாப்பாட்டைவிட நன்றாக நினைவிருக்கின்றன. அடைக்கலம், ஓதல், வணக்கம் என்று எதுவுமில்லை. ஆசிரியர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவர் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவும் இல்லை.

சான்று கேட்பவர்களுக்கு: எலிசபெத் ஹோகி தலைமையிலான குழு, பதற்றக் கோளாறு இருப்பதாகக் கண்டறியப்பட்ட 276 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இந்த எட்டு வாரப் பயிற்சியையும் மற்றவர்களுக்கு எசிட்டலோபிராம் மாத்திரையையும் தந்தது. பதற்றம் குறைந்ததில் பயிற்சி மருந்துக்குப் பின்தங்கவில்லை என்ற முடிவு 2022இல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் வெளியானது. அது நீண்ட முகாமைப் பற்றிய ஆய்வன்று. வீட்டில் இருந்துகொண்டே, வேலைக்குப் போய்க்கொண்டே செய்த பயிற்சியைப் பற்றியது. அதனால்தான் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு முக்கால் மணி நேரம் வீட்டில் பயிற்சி செய்ய வேண்டும். எங்கள் பிரிவில் பெரும்பாலோர் நான்காம் வாரத்திலேயே அதில் தடுமாறினார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பாயை விரித்துப் படுத்து உடலைப் பாகம் பாகமாகக் கவனிக்கத் தொடங்கினால், முழங்காலுக்கு மேல் நான் ஏறியதே இல்லை, குறட்டைதான். ஆசிரியரிடம் சொன்னபோது, உங்களுக்கு முதலில் தேவை தூக்கம், அதைத் தூங்கிவிடுங்கள் என்றார். பத்து நாள் முகாமின் பலம் இங்கேதான் இருக்கிறது: அங்கே பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது. அதன் பலவீனமும் அதுதான், ஏனென்றால் பதினோராம் நாளிலிருந்து எல்லாவற்றையும் தள்ளிப்போட முடியும்.

பழைய மாணவி | சனி, காலை 7.40

இதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படியே செய்துவருபவர்களை நான் அரிதாகத்தான் சந்தித்திருக்கிறேன். எனக்குக் காலையில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அதுவும் எம்ஆர்டி ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாளில்தான்.

ஆனாலும் எட்டு வார வகுப்பு என்னைப் போன்ற சிலருக்குப் பிடி கொடுக்காது என்று நினைக்கிறேன். வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்தால், மனம் எவ்வளவு சத்தமிடுகிறது என்பதைக்கூட நான் கண்டிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் பிற்பகலில்தான் அது எனக்குத் தெரிந்தது.

பொங்கோல்வாசி | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் நன்றி. சிலவற்றைச் செய்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

நேற்றுக் காலை பலதுறை மருந்தகத்துக்குப் போய்த் தூக்கத்தைப் பற்றி முழுமையாகச் சொன்னேன். மருத்துவர் ஒரு வினாத்தாளை நிரப்பச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஆலோசகரைப் பார்க்க நேரம் தந்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்கு மேல் கூட்டம் வேண்டாம், அதற்கு ஈடாக வாரத்தில் இரு நாள் காலை ஏழு மணிக்கே தொடங்குகிறேன் என்று மேலாளருக்கு எழுதி வைத்திருக்கிறேன், நாளை அனுப்புவேன். பாதுகாவல் அண்ணன் கேட்டிராவிட்டால் இதை நான் கேட்டிருக்க மாட்டேன் என்பது உண்மை.

எட்டு வார வகுப்புக்கான அறிமுக மாலை ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பத்து நாள் முகாமை இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பாலி வரிகள் இப்போது எனக்குப் பெரிய தடையாகத் தோன்றவில்லை. தேசிய சேவையில் நம்பாத எத்தனையோ வாசகங்களை உரக்கச் சொல்லியிருக்கிறேன். தாதி அவர்கள் சொன்ன காரணத்தால்தான் தள்ளி வைக்கிறேன்: தூக்கம் என்னவென்று தெரியாமல் பத்து நாள் மௌனத்துக்குள் போக விரும்பவில்லை.

ஆனால் இதற்கிடையில் என் மனைவியே பகாங்குக்குப் போக ஆசைப்படுகிறார். மகளுக்கு ஏழு வயது. அவசரமென்றால் அவரை எப்படித் தொடர்புகொள்வது?

பழைய மாணவி | ஞாயிறு, இரவு 9.50

நல்ல செய்தி. ஒவ்வொரு வகுப்பிலும் நிர்வாகப் பொறுப்பில் தொண்டூழியர்கள் இருப்பார்கள். இடம் உறுதியாகும்போது வரும் மின்னஞ்சலில் அவசரத் தொடர்பு எண் இருக்கும். உண்மையான அவசரம் என்று நீங்கள் அழைத்துச் சொன்னால் அவரிடம் தெரிவிப்பார்கள். மகளுக்குச் சளிக்காய்ச்சல், சீருடை எங்கே என்பதற்கெல்லாம் அழைக்காதீர்கள். மருந்து, பள்ளி அட்டவணை, சீருடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அரை வேக்காட்டோடு வெளியே வரக்கூடாது என்பதால், பத்து நாளும் இருக்க ஒப்புக்கொண்ட பிறகே சேர்த்துக்கொள்வார்கள். அதையும் அவர் படிவத்தை நிரப்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இடம் விரைவில் நிறைந்துவிடும், பெண்கள் பக்கம் இன்னும் விரைவாக. பள்ளி விடுமுறையோடு ஒத்துவரும் தேதி வேண்டுமென்றால், பதிவு திறக்கும் நாளை நாட்காட்டியில் இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே வைக்க ஒரு சிறிய தலையணையையும் மறக்காமல் கொண்டுபோகட்டும்.